பெருக்கல் குறி போட்ட இரும்பு

செப்டம்பர் 8, திங்கள்

வெல்டிங் ராடு கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. இன்று மேசையை நகர்த்தியபோது கையில் வந்தது. போன தாள் போனதுதான். மிச்சத் தாளையாவது வீணாக்கக் கூடாது. பழைய பொருளை வீணாக்கினால் எனக்குப் பொறுக்காது.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் சொல்வதைக் கேட்கக் காது இல்லை. என் வீட்டுக்காரர் கஸ்பார் சங்கு குளித்தவர். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் ஆழத்துக்குப் போய்விட்டு மேலே வரும்போது இரண்டு காதிலும் ரத்தம். அதோடு சரி. உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வார். பார்க்கத்தான் மாட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

நான் அமலோற்பவம். தூத்துக்குடியில் அமலி அக்கா யார்டு என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விடுவார்கள். பேரீச்சம்பழக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய இரும்பு வாங்கியவள்தான். இப்போது உப்பளத்தை ஒட்டி நாற்பது சென்ட், எடைமேடை, நாலு ஆட்கள். எதிர்த்தாற்போல் மாடி வீடு.

இன்று ஒரு பெண் வந்தாள். நாகஜோதி, கோவில்பட்டிக்காரி. சென்னையில் சிற்பம் படித்தவளாம். கடற்கரையில் வரப்போகிற புதுப் பூங்காவுக்குப் பழைய இரும்பில் ஒன்று செய்து தர வேண்டுமாம்.

“அக்கா, யார்டுல ஒரு மூலை தாங்க. வேணுங்கிற சாமானை இங்கயே பொறுக்கி, இங்கயே ஒட்டிக்கிடுதேன்.”

“சாமி சிலையா?”

“இல்லக்கா.”

“தலைவர் சிலையா?”

“இல்ல.”

“பிறகு என்ன சிலை?”

“முடிஞ்ச பிறகு பாருங்களேன்.”

முடிந்த பிறகு பார்த்து நான் எதையும் வாங்கியதில்லை. ஆனாலும் மேற்குச் சுவர் மூலையைக் கொடுத்தேன். அங்கே எப்படியும் கருவேலம்தான் முளைத்துக் கிடந்தது. வெட்டிச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னாள். எனக்கு லாபம்.

செப்டம்பர் 11, வியாழன்

சுடலைமணி இன்றோடு லீவு. என்னிடம் கேஸ் கட்டர் பிடிப்பவன். குலசை தசராவுக்கு காளி வேஷம் கட்டுகிறான். மாலை போட்டு, ஊரில் குடில் கட்டி விரதம் இருப்பான். அக்டோபரில்தான் வருவான்.

“அக்கா, நா வர்ற வரைக்கும் குறி போட்டு வைங்க. வந்து ஒரே மூச்சுல அறுத்துத் தள்ளிருதேன்.”

குறி என்பது எங்கள் யார்டு வழக்கம். வெள்ளைச் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டால், குறி போட்ட இடத்தில் அறு. வட்டம் போட்டால் தொடாதே, முழுசாக விற்கும் சாமான். என்னிடம் முதன்முதலில் கட்டர் பிடித்தவருக்கு எழுத்துத் தெரியாது, அவருக்காக நான் வைத்த வழக்கம். இருபத்தாறு வருடத்தில் ஒருவனும் குறியைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் வேலை நடக்காது.

ஜோதி பழைய லாஞ்சிப் படகின் புகைக்குழாய் ஒன்றை எடுத்திருக்கிறாள். எட்டடி. வாய் அகன்றது. கூடவே போர்வெல் பைப்புகள், சைக்கிள் மட்கார்டுகள், ஓட்டை குக்கர்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குத் தனியாகப் போனேன். கஸ்பார் வரவில்லை. வருடக்கணக்காக வருவதில்லை. மூன்று இட்லி வைத்தேன். ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

செப்டம்பர் 19, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்கு கம்ப்ரசரை அணைக்காமல் போய்விட்டார்களோ என்று எழுந்து போனேன். கம்ப்ரசர் ஓடவில்லை. சத்தம் ஜோதியின் மூலையிலிருந்து வந்தது. ஓம் என்றும் இல்லை, ஊம் என்றும் இல்லை. வயிற்றுக்குள் கேட்கிற சத்தம்.

“என்ன பிள்ள இது?”

“கச்சான் காத்துக்கா. மேக்க இருந்து வந்து குழாய் வாயில பட்டுப் போகுது.”

“வேணும்னே செஞ்சியா?”

“பாதி வேணும்னு. பாதி தானா வந்தது.”

வியாபாரத்துக்கு வருகிறவர்கள் பேய் பிடித்த யார்டு என்று நினைப்பார்கள், அடைத்து வை என்றேன். சாக்குத் துணியைத் திணித்தாள். சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் யார்டு எவ்வளவு வெறுமையாக இருந்தது என்று தெரிந்தது. உப்பளத்து வெயிலில் இரும்பெல்லாம் மேலும் கீழும் மெல்ல அசைவதுபோல் இருந்தது. கானல்.

செப்டம்பர் 22, திங்கள்

சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டரைக்கு நிமிர்ந்தால் தூக்கோடு கஸ்பார் கேட்டில் நிற்கிறார். செருப்பில்லாத கால். ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் அவர் வந்து எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

தூக்கை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. நேராக மேற்கு மூலைக்குப் போனார். ஜோதியின் சாமான் அதற்குள் ஆள் உயரம் வந்துவிட்டது. ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் தோள் போல எழுந்து நிற்கிறது. அந்தக் குழியில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

ஜோதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. அவளாகவே போய்ச் சாக்குத் துணியை உருவினாள்.

கஸ்பாரின் முகம் மாறியது. எப்படி என்று எழுதத் தெரியவில்லை. தூங்கும் பிள்ளையின் முதுகில் கை வைத்தால் அதன் முகம் மாறுமே, அப்படி. இரண்டு உள்ளங்கையையும் இரும்பில் பதித்து நாலு மணி வரை இருந்தார்.

நான் ஒரு லோடு பேட்டரி இறக்கினேன். வேலை நிறைய.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்றும் வந்தார். நான் தூக்கை மறக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

மத்தியானம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். யார்டு முழுக்கக் கடல் புகுந்திருந்தது. தண்ணீர் தெளிவாக, பச்சையாக இருந்தது. இரும்புச் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழும்பின. குக்கர்கள் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு மீன் மாதிரி போயின. சைக்கிள்கள் ஆள் இல்லாமல் வந்த வீட்டுக்கே திரும்பிப் போயின. எடைமேடை முள் பூஜ்யத்தில் நின்றது. எனக்குக் கவலையாக இல்லை. அதுதான் ஆச்சரியம்.

விழித்தபோது கஸ்பார் எதிரே நின்றார். முகம் சவரம் செய்திருந்தது. சத்தமாகச் சொன்னார், அவருக்குத் தன் சத்தம் தெரியாது.

“அமலி. கடலுக்குள்ள இருக்க மாதிரி இருக்குட்டி. பத்துப் பாகம் ஆழத்துல.”

யார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பத்தாம் தேதி கிரேன் வருகிறதாம். ஜோதி சொன்னாள். அதற்குள் முடித்துவிடுவாளாம்.

மழைக்காலம் வருகிறது, பிந்தி எடுக்கலாமே என்றேன். அதற்கு முன்னால் பீடம் போட வேண்டுமாம். கிரேன்காரன் சரியில்லை என்றேன். வேறு கிரேன் வைத்திருக்கிறாளாம்.

“சரி, நானே வாங்கிக்கிடுதேன். என்ன வெல சொல்லு.”

சிரித்தாள். “இது அவங்களுக்குன்னு சொல்லி ஒத்துக்கிட்டதுக்கா. மாத்திக் குடுத்தா பிறகு யாரு என்னை நம்புவா? நாலு வருசம் கழிச்சு வந்த மொத வேலை.” பிறகு கேட்டாள், “யாருக்கு வேணும்க்கா?”

“கடைக்கு விளம்பரமா இருக்கும்.”

அவள் கஸ்பார் பக்கம் பார்த்தாள். பின் என்னைப் பார்த்தாள்.

“பூங்காவுல யாரும் வந்து சாயலாம்க்கா. சும்மா பாத்துட்டுப் போறதுக்கு இல்ல, சாயுறதுக்குத்தான் செஞ்சிருக்கேன். ஐயாவும் வரட்டும்.”

அவர் ரோட்டைத் தாண்டவே பத்தொன்பது வருடம் ஆயிற்று. கடற்கரைக்கு எந்தக் காலத்தில் போவார்? அந்தக் கடலைத்தான் அவர் பார்க்க மாட்டேன் என்கிறார். இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. விலை கேட்டவள் காரணம் சொல்லக் கூடாது.

அக்டோபர் 4, சனி

ஜோதியின் சிவப்புச் சாக்பீஸ் தீர்ந்துவிட்டதாம். என் மேசைப் பெட்டியிலிருந்து வெள்ளையைக் கொடுத்தேன்.

சாயங்காலம் பார்த்தால் அவள் சாமான் முழுக்கப் பெருக்கல் குறி. எங்கெங்கே இணைப்பு பலவீனமோ அங்கெல்லாம் போட்டிருக்கிறாள், இன்னொரு சுற்று வெல்டிங் வைக்க. நாளையும் மறுநாளும் மதுரைக்குப் போகிறாளாம், போல்ட்டு வாங்க. செவ்வாய் வந்து பிடிப்பாளாம்.

அந்தக் குறி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டீ வந்துவிட்டது.

அக்டோபர் 6, திங்கள்

நல்ல வெயில். லோடு லாரி போனது.

அக்டோபர் 7, செவ்வாய்

நடந்ததை எழுதுகிறேன். சுடலைமணி நேற்றுக் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டான். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதம். அவன் போனபோது மேற்கு மூலையில் பத்து பைப்புதான் கிடந்தது. இப்போது குறி போட்ட ஒரு குவியல் நிற்கிறது. கட்டரை எடுத்தான். குறிப்படி அறுத்தான். முப்பத்தோரு இடம். அறுத்ததில் பாதியைப் பையன்கள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். புகைக்குழாயும் போய்விட்டது. நான் உள்ளே ஜிஎஸ்டி ஃபைல் தேடிக்கொண்டிருந்தேன்.

என் மூக்குக்கண்ணாடி கேட்டை ஒட்டிய சுவரின் மேல் இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. நேற்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஜோதி பத்து மணிக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். துண்டுகளுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“குழாய் எங்கக்கா?”

சுடலைமணி அவள் காலில் விழுந்தான். “தாயி, என் விரதத்துல ஏதோ கொறை வந்துட்டு. அம்மா என் கையாலயே செய்ய வச்சிட்டா.”

நான் லாரி டிரைவருக்கு போன் போட்டேன். மதுரைக்கு அப்பால் உருக்காலை. அடுப்பில் போட்டுவிட்டால் தீர்ந்தது. நல்லவேளை, எட்டயபுரம் விலக்கில் அக்காள் வீட்டில் ராத் தங்கியிருக்கிறான். இருக்கிற இடத்தை விட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, லோடு ஆட்டோவில் சுடலைமணியை ஏற்றிக்கொண்டு நானே போனேன். வழியெல்லாம் அவன் வாயில் முணுமுணுப்பு, வேண்டுதல்.

டிரைவர் சிரித்தான். “வித்த இரும்பத் திரும்ப வாங்க வந்த மொத ஆளு நீங்கதான்க்கா.”

லாரி முழுக்க இறக்கிப் பொறுக்கினோம். குழாய் அடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

கிரேன் வரவில்லை. ஜோதி பூங்காக்காரர்களிடம் கெஞ்சி மாதக் கடைசி வரை தவணை வாங்கியிருக்கிறாள். அதற்கு மேல் ஒருநாள்கூட இல்லையாம். தவறினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். இராப்பகலாக வேலை பார்க்கிறாள். சுடலைமணி கூடவே நிற்கிறான். சாப்பிடுவதில்லை. விரதத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டானாம்.

கஸ்பார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இட்லி மூன்றும் திரும்பி வந்தன.

அக்டோபர் 13, திங்கள்

இந்த டைரியை நான்தான் படிக்கப் போகிறேன். நானே எனக்குக் கள்ள எடை போட்டு என்ன ஆகப்போகிறது?

அன்று நான் ஃபைல் தேடவில்லை. மேசையில்தான் இருந்தேன். சுடலைமணி சிலிண்டரைத் திறக்கும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். இருபத்தாறு வருடமாகக் கேட்கிற சத்தம். எந்தச் சாமான் அறுபடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எழுந்து இருபது அடி நடந்து நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். எழவில்லை.

துண்டானால் திரும்பச் செய்ய ஆறு மாதமாவது ஆகும், அதுவரை இங்கேயே நிற்கும், அவர் வந்து சாய்வார். இப்படித்தான் கணக்குப் போட்டேன். வியாபாரத்தில் இத்தனை மட்டமான கணக்கு நான் போட்டதில்லை. துண்டானது ஊம் என்று சொல்லாது என்பதுகூடத் தோன்றவில்லை.

பொறி மஞ்சளாக விழுந்துகொண்டே இருந்தது. நல்ல அழகு.

அக்டோபர் 14, செவ்வாய்

ஜோதியிடம் சொன்னேன். குறியைப் பார்த்தேன், அர்த்தம் தெரியும், சொல்லவில்லை, அறுக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்திலிருந்து வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினாள். உப்பளத்தில் இரண்டு கொக்குகள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

“என்கிட்ட சொல்றது இருக்கட்டும்க்கா. அந்த அண்ணன் ஒரு வாரமா சோறு திங்காம கெடக்காரு. அவருகிட்ட போய்ச் சொல்லுங்க.”

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

சுடலைமணியிடம் சொன்னேன். முதலில் கேட்டது, “அப்ப அம்மா என்னைக் கைவிடலியா?”

“இல்லப்பா. நாந்தான்.”

அப்படியே தரையில் உட்கார்ந்து, ஓட்டலில் நாலு பரோட்டா வாங்கிவரச் சொல்லித் தின்றான். நான் ஊற்றிக் கொடுத்த டீயை மட்டும் தொடவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி நேற்று. சுடலைமணி இன்று என் டீயைக் குடித்தான். பாதி.

அக்டோபர் 29, புதன்

ஒட்டி முடித்தாயிற்று. அறுத்த இடங்களைத் தேய்த்து மறைக்கவில்லை. முப்பத்தோரு தழும்பும் கயிறு முறுக்கியதுபோல் வெளியே தெரிகிறது. இருக்கட்டும் என்கிறாள் ஜோதி. முன்பு தோள் மாதிரி இருந்தது, இப்போது ஏதோ திரும்பிப் படுத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் சத்தம் இல்லை. நசுங்கிய வாயைத் தட்டி நிமிர்த்தியும் இல்லை. கச்சான் ஓய்ந்துவிட்டது. காற்றே இல்லை. கஸ்பாரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டார். அடுப்பு அணைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதுபோல. வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

கிரேன் வந்தது. தூக்கும்போது அது கொஞ்ச நேரம் யார்டுக்கு மேலே தொங்கியது. அடியில் அதன் நிழல் எடைமேடை, பேட்டரி, பைப்பு எல்லாவற்றின் மேலும் ஊர்ந்து போனது. என் மேலும் போனது. குளிர்ச்சியாக இருந்தது.

ஜோதி போகும்போது என் கையில் ஒரு சிவப்புச் சாக்பீஸ் பெட்டியைக் கொடுத்தாள்.

“அடுத்து வர்ற ஆளுக்குக்கா.”

மேற்கு மூலை காலி. கருவேலம்கூட இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் முகத்தில் காற்று அடித்தது. வாடை திரும்பிவிட்டது. இனி கடலிலிருந்துதான் காற்று.

வீட்டுக்கு வந்து கஸ்பாரின் சட்டையை எடுத்துப் போட்டேன். எங்கே என்று கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறினார். கடல் தெரிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

பூங்காவில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. அது கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. இரண்டு பெண்கள் அதில் சாய்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். கிட்டே போகப் போக எனக்குக் கேட்டது. பழைய சத்தம் இல்லை. அதைவிடத் தாழ்ந்தது, நடுவில் ஒரு பிசிறு, தொண்டை கட்டினவர் பாடுவதுபோல. நசுங்கினதாலோ, தழும்பாலோ, வாடையாலோ.

பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். கஸ்பார் முதுகைக் கொடுத்தார். கண்ணை மூடினார். நான் அவர் பார்க்க முடியாத மறுபக்கம் போனேன். அவருக்கு உதடு தெரியக் கூடாது. குழாயின் வாய்க்குள் முகத்தை வைத்து, ஃபைல் தேடவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இரும்பில் முதுகு பட்டதும் பல்லெல்லாம் மெல்ல அதிர்ந்தது.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே பேசினார். எப்போதும்போலச் சத்தமாக. கடலை தின்ற பெண்களும் கேட்டிருப்பார்கள்.

“அறுத்த அன்னைக்கு ஒனக்குக் கண்ணாடி குடுக்க வந்தேன்ட்டி. கண்ணாடி இல்லாமலே பாத்துக்கிட்டு இருந்த. அதான் செவத்துல வச்சிட்டுப் போயிட்டேன்.”

நான் சொன்னால் புரிய அவர் கண்ணைத் திறக்க வேண்டுமே. திறக்கவில்லை. என் கையைத் தேடி எடுத்து, எந்த இடத்தில் அதிர்வு கூடுதலோ அங்கே வைத்துக் காட்டினார். அது ஒரு தழும்பு.